ஆடவரின் பிரதான மைதானத்தில் மகளிர் கால்பந்து அணிகளுக்கும் இடம் உண்டா? லண்டன் முதல் கொல்கத்தா வரை ஒரு பார்வை

இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து கிளப், மகளிர் சூப்பர் லீகின் 2025-26 சீசனில் தனது மகளிர் அணி சொந்த ஊரில் ஆட வேண்டிய 11 ஆட்டங்களையும் ஆடவர் அணியின் எமிரேட்ஸ் மைதானத்திலேயே நடத்த முடிவு செய்தது. ஏறத்தாழ அதே காலத்தில், லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கிளப் தனது ஆடவர் அணியை ஆற்றங்கரையில் எழுந்த புதிய அரங்கத்துக்கு மாற்றிவிட்டு, 1892 முதல் ஆடவர் ஆடிவந்த குடிசன் பார்க் மைதானத்தை மகளிர் அணியிடம் ஒப்படைத்தது. பிரான்ஸின் லியோன் மகளிர் அணியும் 2025-26 சீசன் முதல் தனது சொந்த ஊர் ஆட்டங்களை ஆடவர் அணியின் பெரிய அரங்கத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2025 ஏப்ரலில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் மகளிர் அணி, நடப்புச் சாம்பியனான ஒடிசா அணியை 1-0 என்ற கோல் கணக்கில் வென்று முதன்முறையாக இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த ஆட்டம் நடைபெற்றது, அதே கிளப்பின் ஆடவர் அணி ஐஎஸ்எல் போட்டிகளில் ஆடும் சால்ட் லேக் மைதானத்தில் அல்ல. கொல்கத்தாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், நதியா மாவட்டத்தில் உள்ள கல்யாணி நகரின் மைதானத்தில்தான் அந்தப் பட்டம் உறுதியானது.

ஒரே கிளப், ஒரே சீருடை, ஒரே சின்னம். அப்படியிருக்க, மைதானம் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்ற கேள்வி உலகக் கால்பந்தில் இன்று வலுவாக எழுந்துள்ளது. கூட்டம் வராத அணிக்குப் பெரிய அரங்கம் எதற்கு என்ற எதிர்க்கேள்வியும் உடன் எழுகிறது. இரண்டு கேள்விகளுக்கும் கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் ஓரளவு விடை தந்திருக்கிறது.

கதவை மூடியது யார்?

பெண்கள் கால்பந்துக்குக் கூட்டம் வராது என்பது பழைய நம்பிக்கை. வரலாறு அதற்கு நேர்மாறாக உள்ளது. 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் குடிசன் பார்க்கில் டிக் கெர் மகளிர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியும் மோதின. பிரெஸ்டன் நகரின் தொழிற்சாலை ஒன்றில் போர்க்காலத்தில் வேலை செய்த பெண்களைக் கொண்டு உருவான அணி டிக் கெர். அந்த ஆட்டத்தைக் காண 53,000 பேர் மைதானத்துக்குள் திரண்டனர். உள்ளே இடமின்றி வாசலிலேயே திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கானோர். முதல் உலகப்போரில் ஈடுபட்ட முன்னாள் வீரர்களின் நலனுக்காக 3,000 பவுண்டுக்கும் அதிகமான தொகை அந்த ஒரே ஆட்டத்தில் திரண்டது.

ஓராண்டு கூட முழுமையாக முடியவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு அல்ல என்று கூறிய சங்கம், தனது உறுப்பினர்களான கிளப்புகள் மகளிர் ஆட்டங்களுக்குத் தங்கள் மைதானங்களைத் தரக்கூடாது என்று கேட்டுக்கொண்டது. பெண்கள் ஆடுவதைச் சங்கம் நேரடியாகத் தடை செய்யவில்லை. தடை செய்யும் அதிகாரமும் அதற்கு இல்லை. மைதானத்தின் கதவைப் பூட்டியதே போதுமானதாக இருந்தது. பூங்காக்களுக்கும் ரக்பி திடல்களுக்கும் தள்ளப்பட்ட மகளிர் கால்பந்து, படிப்படியாகப் பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைந்தது.

இந்தத் தடை விலக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகச் சங்கம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2008-இல்தான். மேற்கு ஜெர்மனியின் கால்பந்து சங்கமும் 1955 முதல் 1970 வரை கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தருவதைத் தடுத்து வைத்திருந்தது. பிரேசிலில் 1941-இல் அரசாணை மூலமே விதிக்கப்பட்ட தடை 1979 வரை நீடித்தது.

இன்றைய விவாதத்தில் இந்த வரலாறு முக்கியமான இடத்தைப் பெறுகிறது. ஆடவர் கால்பந்து தனது ரசிகர் கூட்டத்தை நூறாண்டுகளுக்கும் மேலாக, தலைமுறை தலைமுறையாக, ஒரே மைதானத்தில் வளர்த்துக்கொண்டது. மகளிர் கால்பந்துக்கு அந்த ஐம்பது ஆண்டுகள் கிடைக்கவே இல்லை. எனவே, இன்றைய பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒருவரைப் பாதி வழியில் நிறுத்தி வைத்துவிட்டு ஓட்டப் பந்தயத்தின் முடிவை அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

ஆர்சனல் காட்டிய வழி

எமிரேட்ஸ் மைதானத்தில் 60,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. ஆர்சனல் மகளிர் அணியின் வழக்கமான மைதானமாக இருந்த மெடோ பார்க்கில் சுமார் 4,500 பேர் மட்டுமே ஆட்டம் பார்க்க முடியும். லண்டன் நகர எல்லைக்கு வெளியே, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் போரம்வுட்டில் அமைந்துள்ள அந்த மைதானம், ஆடவர் கீழ்நிலை லீக் கிளப் ஒன்றின் சொந்த ஊர்த் திடலாகும்.

பெரிய மைதானத்துக்கான மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. முதலில் முக்கியமான சில ஆட்டங்கள் மட்டும் எமிரேட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டன. 2022 செப்டம்பரில் டோட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்துக்கு 47,367 பேர் வந்தனர். மகளிர் சூப்பர் லீகில் அது அப்போதைய சாதனை. 2023 மே 1 அன்று வோல்ஃப்ஸ்பர்க் அணிக்கு எதிரான ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு 60,063 பேர் திரண்டனர். 2023 அக்டோபரில் லிவர்பூல் அணிக்கு எதிராக 54,115 பேர், டிசம்பரில் செல்சிக்கு எதிராக 59,042 பேர், 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராக 60,160 பேர் என எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது.

இந்த எண்ணிக்கைகளைப் பார்த்த பிறகே, 2024-25 சீசனில் லீக் ஆட்டங்களில் 8-ஐ எமிரேட்ஸில் நடத்திய கிளப் நிர்வாகம், அடுத்த சீசனில் 11 ஆட்டங்களையும் அங்கே கொண்டுவந்தது. 2025 மே மாதம் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என வீழ்த்தி ஆர்சனல் மகளிர் அணி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதன்பின் 2025 செப்டம்பரில் நடந்த லீகின் முதல் ஆட்டத்துக்கே 38,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். மெடோ பார்க் முழுமையாக நிரம்பினாலும் கொள்ளக்கூடிய கூட்டத்தைப் போல் இது எட்டு மடங்குக்கும் அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டம் வந்ததால் பெரிய மைதானம் கிடைத்தது என்று மட்டும் சொல்ல இயலாது. 4,500 இருக்கைகள் உள்ள இடத்தில் 40,000 பேரின் விருப்பம் ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது. நகரின் நடுவே, சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி, எல்லோருக்கும் தெரிந்த முகவரியில் ஆட்டம் நடக்கும்போதுதான் குழந்தைகளுடன் வரும் குடும்பங்களும், முதன்முறை ஆட்டம் பார்ப்பவர்களும் டிக்கெட் வாங்கினர். கூட்டத்தை மைதானமும் உருவாக்குகிறது என்பதே ஆர்சனல் அனுபவம் கூறும் பாடம்.

வெற்றி மட்டும் கதவைத் திறப்பதில்லை

முதலில் வென்று காட்டட்டும், பிறகு மைதானம் தரலாம் என்ற வாதமும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. 2024-25 சீசனில் செல்சி மகளிர் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், தொடர்ந்து 6-ஆவது முறையாக மகளிர் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. ஆனாலும் அந்த அணி தனது பெரும்பாலான சொந்த ஊர் ஆட்டங்களை, சுமார் 5,000 பேர் மட்டுமே பார்க்கக்கூடிய கிங்ஸ்மெடோ மைதானத்தில்தான் ஆடியது. அந்த சீசனில் இரண்டாம் இடம் பிடித்த ஆர்சனலுக்கு எமிரேட்ஸ் கிடைத்தது. பட்டங்கள் மைதானத்தைத் தீர்மானிப்பதில்லை. கிளப் நிர்வாகத்தின் முடிவுதான் தீர்மானிக்கிறது.

சிறிய மைதானத்தின் குறைபாடு இருக்கைகளோடு முடிவதில்லை. 2023 ஜனவரி 22 அன்று கிங்ஸ்மெடோவில் செல்சிக்கும் லிவர்பூலுக்கும் இடையே நடந்த ஆட்டம், புல்தரை உறைந்து கிடந்ததால் ஆறே நிமிடங்களில் கைவிடப்பட்டது. இங்கிலாந்தின் ஆடவர் முதன்மை லீக் மைதானங்களில் புல்தரைக்கு அடியில் வெப்பக் குழாய்கள் கட்டாயம். மகளிர் அணிகள் ஆடிய பல சிறிய மைதானங்களில் அந்த வசதி இல்லை. வழுக்கும் தரையில் வீராங்கனைகள் காயமடையும் அபாயம், தொலைவிலிருந்து வந்த ரசிகர்களின் ஏமாற்றம், கடைசி நேரத்தில் காலியான ஒளிபரப்பு நேரம் என அனைத்தும் அந்த ஒரு வசதியின்மையின் விளைவுகளே.

தேசிய அணிகளின் போட்டிகளிலும் இதே குறை எழுந்தது. 2022 மகளிர் யூரோ போட்டியில், 4,700 பேர் மட்டுமே பார்க்கக்கூடிய மான்செஸ்டர் சிட்டி அகாடமி மைதானம் ஆட்ட இடங்களில் ஒன்றாகத் தேர்வு செய்யப்பட்டதை ஐஸ்லாந்து கேப்டன் சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளியில் 87,192 பேர் கூடினர். ஓராண்டுக்குப் பின், 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா - அயர்லாந்து ஆட்டத்துக்கான டிக்கெட் தேவையைக் கண்ட அமைப்பாளர்கள், அதைச் சிட்னியின் மிகப் பெரிய அரங்கத்துக்கே மாற்றினர். அங்கு வந்தோர் 75,784 பேர்.

எதிர்வாதங்களிலும் உண்மை உண்டு

பெரிய மைதானம் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் மிகை. இந்த யோசனையை ஐயத்துடன் பார்ப்பவர்கள் முன்வைக்கும் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

முதலாவது, செலவு. 60,000 பேர் அமரும் அரங்கத்தைத் திறந்தால், 10,000 பேர் வந்தாலும் பாதுகாவலர்கள், மருத்துவக் குழு, துப்புரவுப் பணியாளர்கள், மின்னொளி, போக்குவரத்து ஏற்பாடு ஆகியவற்றுக்குப் பெருந்தொகை தேவை. மகளிர் ஆட்டங்களின் டிக்கெட் விலையோ ஆடவர் ஆட்டங்களைவிடப் பல மடங்கு குறைவு. அந்தப் பணத்தை வீராங்கனைகளின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் செலவிடலாமே என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டாவது, காலி இருக்கைகள். 5,000 பேர் நெருக்கமாக அமர்ந்து எழுப்பும் ஆரவாரம், அதே 5,000 பேர் பெரிய அரங்கில் சிதறி அமரும்போது கரைந்துபோகிறது. தொலைக்காட்சியில் காலி இருக்கைகளே கண்ணில் படுகின்றன. மகளிர் சூப்பர் லீகின் சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கை 2024-25 சீசனில் முந்தைய சீசனைவிடக் குறைந்தது. எமிரேட்ஸிலும் எல்லா ஆட்டங்களும் நிரம்பி வழியவில்லை. பெரிய எதிரணி வரும் நாளில் கூடும் கூட்டம், லீக் பட்டியலின் கடைசியில் உள்ள அணி வரும்போது பாதியாகக் குறைவதும் உண்டு.

மூன்றாவது, அண்மை. சிறிய மைதானங்களில் ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் வேலியோரம் வந்து சிறுமிகளுடன் பேசுவதும், சட்டையில் கையெழுத்திடுவதும் மகளிர் கால்பந்தின் தனிப் பண்பாக வளர்ந்திருக்கிறது. பெரிய அரங்கில் அந்த நெருக்கம் குறையும் என்று நீண்டகால ரசிகர்களே கவலைப்படுகின்றனர்.

இந்த மூன்றுக்கும் ஓரளவு தீர்வுகள் உள்ளன. மேல் அடுக்குகளை மூடிவிட்டுக் கீழ் அடுக்கை மட்டும் திறந்தால் செலவும் குறையும், காலி இருக்கைகளும் மறையும், ரசிகர்களும் ஒன்றாக அமர்வார்கள். ஆனால், நான்காவது சிக்கல் சற்றுக் கடினமானது. அது முன்னுரிமை பற்றியது.

ஒரே மைதானத்தில் இரண்டு அணிகள் ஆடும்போது, தேதி மோதினால் விட்டுக்கொடுப்பது யார்? தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆடவர் ஆட்டத்தின் நாளையும் நேரத்தையும் மாற்றும்போதெல்லாம் மகளிர் ஆட்டம் இடம் மாறினால், அது பொதுவான மைதானம் ஆகாது. காலியாக இருக்கும் நாளில் கிடைக்கும் இரவல் மைதானமே ஆகும். மைதானம் தவிர்த்த பிற வசதிகளிலும் இந்த ஆபத்து உண்டு என்பதை மான்செஸ்டர் யுனைடெட் நிகழ்வு உணர்த்தியது. 2024-இல் அந்தக் கிளப்பின் பயிற்சி வளாகத்தில் ஆடவர் கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோது, ஆடவர் அணி மகளிர் அணிக்கான கட்டடத்துக்குள் குடியேறியது. மகளிர் அணி தற்காலிகக் கட்டடங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. விதிமுறை எழுதப்படாத பங்கீட்டில் இடத்தை இழப்பது பெரும்பாலும் பலம் குறைந்த தரப்புதான்.

மூன்றாவது பாதை

சில கிளப்புகள் இந்த விவாதத்தையே வேறு திசைக்குத் திருப்பியுள்ளன. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி கரன்ட் அணி, 11,500 இருக்கைகள் கொண்ட தனது சொந்த அரங்கத்தை 2024 மார்ச்சில் திறந்தது. தொழில்முறை மகளிர் அணி ஒன்றுக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கமாக அது கருதப்படுகிறது. அங்கே தேதிக்காக யாரிடமும் காத்திருக்க வேண்டியதில்லை. உடைமாற்றும் அறை முதல் கழிப்பறை வரை பெண்களை மனதில் கொண்டே திட்டமிடப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பும் தனது மகளிர் அணிக்குக் குறைந்தது 10,000 பேர் அமரும் தனி அரங்கம் கட்டும் திட்டத்தை அறிவித்துள்ளது.

எவர்ட்டன் தேர்ந்தெடுத்தது இன்னொரு வழி. இடிக்கப்பட இருந்த குடிசன் பார்க், மகளிர் அணியின் சொந்த மைதானமாக உயிர்பிழைத்தது. அதற்கு முன் அந்த அணி ஆடிய வால்ட்டன் ஹால் பார்க்கில் சுமார் 2,200 பேருக்கே இடம் இருந்தது. 2025 செப்டம்பரில் குடிசன் பார்க்கில் நடந்த முதல் மகளிர் சூப்பர் லீக் ஆட்டத்துக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1920-இல் 53,000 பேர் பெண்களின் ஆட்டத்தைக் கண்ட அதே திடல், 105 ஆண்டுகளுக்குப் பின் அவர்களது முகவரியானது.

ஆனால் தனி அரங்கம் கட்டப் பெருமுதலீடும் நகருக்குள் நிலமும் வேண்டும். எல்லாக் கிளப்புகளுக்கும் அது இயலாது. அதுவரை, இருக்கும் மைதானத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதே நடைமுறைக் கேள்வியாக நீடிக்கும்.

இந்தியாவில் கேள்வியே வேறு

ஐரோப்பாவில் பெரிய மைதானமா, சிறிய மைதானமா என்று விவாதம் நடக்கிறது. இந்தியாவில் மகளிர் அணிகளுக்குச் சொந்த ஊர் மைதானம் என்ற கருத்தே அண்மையில்தான் நடைமுறைக்கு வந்தது.

2016-17 சீசனில் தொடங்கிய இந்திய மகளிர் லீகின் இறுதிக்கட்ட ஆட்டங்கள், தொடக்கம் முதல் ஏதேனும் ஒரு நகரத்தில் மொத்தமாக நடத்தப்பட்டு வந்தன. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி 2018-19 சீசனில் பட்டம் வென்றபோது, மணிப்பூர் போலீஸ் அணிக்கு எதிரான இறுதி ஆட்டம் பஞ்சாபின் லூதியானாவில் நடந்தது. கேரளத்தின் கோகுலம் அணி தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றது. அந்தப் பட்டங்கள் பெங்களூரு, புவனேஸ்வரம், அகமதாபாத் ஆகிய நகரங்களில் கிடைத்தன. கால்பந்தை உயிராக நேசிக்கும் கோழிக்கோட்டு ரசிகர்கள், தங்கள் ஊர் அணி கோப்பையை உயர்த்திய காட்சியைத் தங்கள் மைதானத்தில் ஒருமுறைகூடக் காணவில்லை.

சொந்த ஊர், வெளியூர் என்ற முறையில் லீக் நடைபெறத் தொடங்கியது 2023-24 சீசனில்தான். அதன் பிறகே மகளிர் அணி ஒன்றுக்கு வாடிக்கையான உள்ளூர் ரசிகர்கள் உருவாக வழி பிறந்தது. கோகுலத்தின் மகளிர் அணி, ஆடவர் அணி ஆடும் கோழிக்கோடு மாநகராட்சி மைதானத்திலேயே ஆடத் தொடங்கியது, இந்தியச் சூழலில் பங்கீடு இயலும் என்பதற்கு ஒரு சான்று.

ஆனால் இது விதிவிலக்காகவே உள்ளது. 2024-25 சீசனில் இந்திய மகளிர் லீகில் ஆடிய 8 அணிகளில், ஐஎஸ்எல் கிளப்புகளின் அணிகள் இரண்டு மட்டுமே: ஈஸ்ட் பெங்கால், ஒடிசா. ஆடவர் கால்பந்தில் அதிகம் செலவிடும் மற்ற கிளப்புகள் தேசிய லீகின் முதல் பிரிவில் மகளிர் அணியைக் களமிறக்கவில்லை. பகிர்ந்துகொள்ள மகளிர் அணியே இல்லாத இடத்தில் மைதானப் பங்கீடு பற்றிய பேச்சுக்கு இடமில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப், இந்திய கால்பந்து சம்மேளனம் விதித்த 4 கோடி ரூபாய் அபராதத்தால் ஏற்பட்ட நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, தனது மகளிர் அணியைத் தற்காலிகமாக நிறுத்துவதாக 2023 ஜூனில் அறிவித்தது. அந்த அபராதத்துக்குக் காரணம், ஆடவர் அணி பிளே-ஆஃப் ஆட்டத்தின் பாதியில் களத்தைவிட்டு வெளியேறியது. ஆடவர் அணியின் செயலுக்கான விலையை மகளிர் அணி செலுத்தியது என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது.

மைதானங்கள் யாருடைய சொத்து?

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. எமிரேட்ஸ் ஆர்சனலின் சொத்து. அதில் யார் ஆடுவது என்பதைக் கிளப் தீர்மானிக்கிறது. இந்தியாவில் பெரிய கால்பந்து மைதானங்கள் பெரும்பாலும் அரசு அல்லது உள்ளாட்சி அமைப்புகளின் சொத்து. சுமார் 68,000 பேர் அமரக்கூடிய சால்ட் லேக் மைதானம் மேற்கு வங்க அரசுக்குரியது. புவனேஸ்வரத்தின் கலிங்கா அரங்கம் ஒடிசா அரசுக்குரியது. கொச்சி மைதானம் அந்நகர வளர்ச்சி ஆணையத்தின் வசம் உள்ளது. சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது.

அதாவது, இவை மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. அந்த வரியில் பெண்களின் பங்கும் உண்டு. ஐரோப்பாவில் வணிக முடிவாக உள்ள ஒன்று, இந்தியாவில் பொதுச் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை சார்ந்த கேள்வியாகிறது. ஆடவர் அணிக்கு மைதானத்தை வாடகைக்கு விடும்போது, அந்தக் கிளப்பின் மகளிர் அணிக்கும் ஆண்டுக்கு இத்தனை நாள்கள் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் உள்ளது. புதிய சட்டமோ பெரும் செலவோ இதற்குத் தேவையில்லை.

பெரிய மைதானத்தில் பெண்கள் கால்பந்து இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை கலிங்கா அரங்கிலும், கோவாவின் ஃபடோர்டாவிலும், நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானத்திலும் நடைபெற்றது. உலகப் போட்டி வரும்போது திறக்கும் கதவுகள், உள்நாட்டு லீக் நடக்கும்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதே வீராங்கனைகள் தரப்பின் எதிர்பார்ப்பு.

இதே டி.ஒய். பாட்டீல் மைதானத்தில்தான் 2025 நவம்பர் 2 அன்று இந்திய மகளிர் கிரிக்கெட் அணி, தென்னாப்பிரிக்காவை வென்று ஒருநாள் உலகக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. நிரம்பிய அரங்கம் அந்த வெற்றியைக் கொண்டாடியது. 2023-இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக், முதல் சீசனிலேயே மும்பையின் பெரிய மைதானங்களில் நடத்தப்பட்டது. பின்தங்கிய திடல்களில் ஆடி, கூட்டம் சேர்த்துக் காட்டிய பிறகே பெரிய மைதானம் என்ற நிபந்தனை கிரிக்கெட் வீராங்கனைகளுக்கு விதிக்கப்படவில்லை. கிரிக்கெட்டின் செல்வத்தைக் கால்பந்துடன் ஒப்பிட இயலாது என்றாலும், வரிசையை மாற்றினால் விளைவும் மாறும் என்பதை அது காட்டியது.

தகுதியைப் பற்றிய ஐயத்துக்கும் இடமில்லை. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்திய அணி இரண்டாம் இடம் பிடித்தது. 1983-இல் பாங்காக்கிலும் அதே சாதனை தொடர்ந்தது. நீண்ட பின்னடைவுக்குப் பிறகு, 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் அணி முன்னேறியது. அந்த வீராங்கனைகளில் பலர், தங்கள் சொந்த மாநிலத்தின் பெரிய அரங்கில் லீக் ஆட்டம் ஆடும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும் சூழலில் வளர்ந்தவர்கள்.

பங்கீடு என்றால் என்ன?

இதுவரையிலான அனுபவங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, மகளிர் அணிகளுக்குப் பெரிய மைதானம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி பழையதாகிவிட்டது தெரிகிறது. எந்த நிபந்தனைகளின் பேரில் என்பதே இன்றைய கேள்வி.

முதல் நிபந்தனை, தேதி. 2022 மார்ச் 30 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் ரியல் மாட்ரிட் அணிக்கு எதிரான மகளிர் ஆட்டத்துக்கு 91,553 பேர் வந்தனர். மூன்று வாரங்களுக்குப் பின் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக 91,648 பேர் வந்தனர். ஆனால் அந்த அணியின் வழக்கமான லீக் ஆட்டங்கள் சுமார் 6,000 இருக்கைகள் கொண்ட யோஹான் கிரைஃப் மைதானத்திலேயே தொடர்ந்தன. திருவிழாவுக்கு ஒருநாள் திறக்கும் கதவு சாதனைப் புத்தகத்துக்கு உதவும். வாராவாரம் வரும் ரசிகரை உருவாக்காது. சீசன் தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட்டு, எளிதில் மாற்றப்படாத தேதிகள் இருந்தால்தான் குடும்பங்கள் திட்டமிட்டு வர இயலும்.

இரண்டாவது, அளவு. அரங்கம் முழுவதையும் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தியச் சூழலில் ஓர் அடுக்கை மட்டும் திறந்து, குறைந்த கட்டணத்தில் பள்ளி மாணவிகளையும் உள்ளூர் கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளையும் அழைப்பதே பொருத்தமான தொடக்கமாக அமையும்.

மூன்றாவது, வசதிகள். பெரிய மைதானத்தின் புல்தரையைத் தந்துவிட்டு, உடைமாற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும் வேறு இடம் காட்டினால் அது பங்கீடு ஆகாது. மின்னொளி, மருத்துவ வசதி, ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சி நேரம் ஆகியவையும் சமமாகக் கிடைக்க வேண்டும்.

நான்காவது, காலம். ஆர்சனல் சில ஆட்டங்களில் தொடங்கி 11 ஆட்டங்களை எட்டப் பல சீசன்கள் ஆயின. இடையில் சில ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்தபோதும் கிளப் பின்வாங்கவில்லை. ஒரு சீசனின் காலி இருக்கைகளைக் காட்டி முயற்சியைக் கைவிடுவது, விதைத்த மறுநாளே நிலத்தைத் தோண்டிப் பார்ப்பது போன்றது.

ஊதியத்துக்கும் மைதானத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதமும் இந்த நிபந்தனைகளுக்குள் தணிந்துவிடுகிறது. இந்திய மகளிர் லீக் அணிகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் ஊதியம் வழங்க வேண்டும் என்று 2023-இல் இந்திய கால்பந்து சம்மேளனம் முடிவு செய்தது. அந்தத் தொகை உயர வேண்டுமானால் டிக்கெட் வருவாயும் விளம்பரதாரர்களும் ஒளிபரப்பும் வேண்டும். யாரும் எளிதில் சென்று பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு இவை மூன்றும் வருவது கடினம்.

1921-இல் மகளிர் கால்பந்தை ஒடுக்க நினைத்தவர்கள் பந்தைப் பறிக்கவில்லை, காலணிகளைப் பறிக்கவில்லை. மைதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். அது போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணியில் பட்டம் வென்ற வீராங்கனைகள் தங்கள் அடுத்த வெற்றியைக் கொல்கத்தா நகருக்குள், தங்கள் கிளப்பின் பெரிய ரசிகர் கூட்டத்தின் முன் கொண்டாடுவார்களா என்பதை, களத்தில் அவர்கள் அடிக்கும் கோல்கள் மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. மைதானத்தின் சாவியை வைத்திருப்பவர்கள் எழுதப்போகும் ஒப்பந்தமும் அதைத் தீர்மானிக்கும்.